பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை

தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்திய ஆண்டுகளில் என் கையால் அதிகமுறை எழுதப்பட்ட தொடர் எது என்று எண்ணிப் பார்த்தால், அது எந்தப் பாடநூலிலும் இல்லாதது. "பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை" என்பதே அந்தத் தொடர். மெல்லக் கற்போர் பதிவேட்டில் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு எதிரேயும் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. இந்த மூன்று சொற்களும் அந்தக் கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். ஆய்வுக்கு வரும் அலுவலர் அதைப் படித்ததும் தலையசைப்பார். தலைமையாசிரியர் பெருமூச்சு விடுவார். அத்துடன் அந்தக் குழந்தையைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். ஏன் ஒத்துழைப்பு இல்லை, எப்போது கேட்டோம், எப்படிக் கேட்டோம் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அவற்றை எழுதுவதற்குக் கட்டமும் இல்லை. நானும் அதை ஒரு பொய்யாக எழுதவில்லை. வீட்டுப்பாட ஏட்டில் கையெழுத்து இல்லாதபோதும், கூட்டத்துக்கு ஆள் வராதபோதும், காய்ச்சலென்று சொல்லப் போன் செய்தால் எடுக்காதபோதும், அந்த வீட்டில் படிப்பின் மேல் அக்கறை இல்லை என்றே மனதார நம்பினேன். அந்த நம்பிக்கை கலைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் கலைந்த விதம் இன்னும் உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். திருப்பூரின் ஓரத்தில், பனியன் கம்பெனிகளும் லைன் வீடுகளும் நெருங்கிக் கிடக்கும் பகுதியிலுள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வகுப்புக் குழந்தைகள் இரண்டாம் வகுப்பின் கடைசி நாட்களில், 2020 மார்ச்சில், பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். மூன்றாம் வகுப்பைப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் பார்க்கவே இல்லை. 2021 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி மீண்டும் திறந்தபோது நான்காம் வகுப்பில் உட்கார்ந்தார்கள். உயரம் மட்டும் வளர்ந்திருந்தது. ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கக்கூடியவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம் என்ற நிலையில், ஒரு சிறுமி மட்டும் தண்ணீர் ஓடுவதுபோல் வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வினாவுக்குக் குரலை உயர்த்தி, உரையாடல் வந்தால் ஆளுக்கேற்ப மாற்றி வாசிப்பாள். அது அவளுக்குப் பிறவியிலேயே வாய்த்த திறமை என்று முடிவு செய்திருந்தேன். ஏனென்றால் அவள் வீட்டிலிருந்து யாரும் ஒருநாளும் பள்ளிக்கு வந்ததில்லை. அவள் பெயருக்கு எதிரிலும் அந்த மூன்று சொற்களை நான் எழுதியிருந்தேன். மெல்லக் கற்போர் பதிவேட்டில் அவளுக்கு இடமில்லாததால், கூட்ட வருகைப் பதிவேட்டில் எழுதினேன்.

முதல் பருவத்துக்கான மதிப்பெண் அட்டையைக் கொடுத்து (அட்டையின் பெயர் எத்தனை முறை மாறினாலும் குழந்தைகளுக்கும் எங்களுக்கும் அது ராங்க் கார்டுதான்) பெற்றோர் கையெழுத்துடன் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். அவளுடைய அட்டை மறுநாளே வந்தது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் பெயர், அவள் கட்டுரை எழுதும் அதே நீலப் பேனாவில், அவளுக்கே உரிய சுழித்த "ம"கரத்துடன் இருந்தது. ஐந்தாம் வகுப்புக் குழந்தையின் கள்ளக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது பெரிய துப்பறியும் வேலை இல்லை. ஆனாலும் அன்று நான் அதைக் கண்டுபிடித்த விதத்தில் ஒரு வெற்றிக் களிப்பு இருந்ததை மறைக்க விரும்பவில்லை. நன்றாகப் படிக்கிற குழந்தை இப்படிச் செய்யலாமா என்று வகுப்பின் முன்னால் நிறுத்திக் கேட்டேன். அவள் அழவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நாளைக்கு உங்கம்மா வந்தாத்தான் வகுப்புக்குள்ள வரணும்" என்றேன். மறுநாள் அம்மாவும் வரவில்லை, அவளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் அவளுடைய இடம் காலியாக இருந்தது.

ஒரு தவறுக்குத் தண்டனையாகக் குழந்தையைப் பள்ளிக்கே வராமல் செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொரோனாவுக்குப் பிறகு ஒரு குழந்தை இரண்டு நாள் வராவிட்டாலே வயிற்றைப் பிசையும். பெரிய வகுப்புப் பிள்ளைகளில் சிலர் அப்படி இரண்டு நாள், நான்கு நாள் என்று நின்று, பிறகு கம்பெனியில் கைமடிக்கும் வேலைக்குப் போய்விட்டதைப் பார்த்திருந்தோம். எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்கா அதே வீதியில் குடியிருப்பவர். "இப்பப் போனீங்கன்னா பூட்டுத்தான் இருக்கும் டீச்சர். எட்டரைக்கு மேல வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். எட்டரை ஏன் என்று திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: காலை 8.30 மணி முதல் மாலை 5.30 மணி வரை ஒரு ஷிப்ட். இரவு 8.30 மணி வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். ஒரு ஷிப்ட் கூலியில் வாடகையைக் கொடுத்துவிடலாம். மற்றதெல்லாம் அந்த அரை ஷிப்டில்தான் நடக்கிறது.

மூடிக்குள் விழுந்த பட்டன்

எட்டு வீடுகள் ஒரே வரிசையாக, பொதுவான ஒரு தண்ணீர்த் தொட்டியோடு இருந்த லைன் வீடு அது. கடைசி வீட்டின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து அந்தச் சிறுமி வாசிக்கும் குரல் கேட்டது. தமிழ்ப் பாடநூலில் நான் இன்னும் நடத்தத் தொடங்காத ஒரு பாடத்தை அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே "டங்" என்று ஓர் ஓசை எழுந்தது. ஓசை எழுந்ததும் குரல் நிற்கும், அந்தத் தொடரின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போகும், மறுபடி வரும். என்னவென்று புரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். உடன் வந்த அக்கா கூப்பிட வாயெடுத்தபோது கையமர்த்தினேன். ஒரு பக்கம் முழுவதும் அப்படியே கேட்டேன். அந்தப் பக்கத்தில் நான்கு முறை "டங்".

உள்ளே அவளுடைய அம்மா அரிவாள்மனைக்கு முன் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். இடப்பக்கத்தில் தூக்குப்போசியின் (சோறு கொண்டுபோகும் தூக்குப் பாத்திரத்தின்) மூடி மல்லாந்து கிடந்தது. அதன் அருகே கம்பெனியில் கழித்துப் போட்ட உடைந்த சட்டைப் பட்டன்கள் ஒரு குவியல். மகள் ஒரு சொல்லில் திக்கினால், அவர் ஒரு பட்டனை எடுத்து மூடிக்குள் போடுவார். அதுதான் அந்த ஓசை. என்னைப் பார்த்ததும் இருவரும் எழுந்துகொண்டார்கள். சிறுமி புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொன்ன டீச்சரின் பாடத்தை வீட்டில் படித்ததும் ஒரு குற்றமோ என்று நினைத்தாள் போலும்.

"கையெழுத்து நாந்தானுங்க போடச் சொன்னேன், டீச்சர். அவளைத் திட்டாதீங்க. எனக்கு ரேகைதானுங்க வெக்கத் தெரியும். நாலாம் வகுப்புல ரேகை வெச்சுத்தான் அனுப்புனேன். பசங்கெல்லாம் பார்த்துட்டுச் சிரிச்சாங்கன்னு வந்து அழுதா. இனிமே நீயே போட்டுக்கோ கண்ணுன்னு சொல்லிப்போட்டேன். தப்புங்களா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால், பட்டன்களைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. பள்ளிகள் மூடியிருந்தபோது, மகள் படித்ததெல்லாம் மறந்துபோய்விடும் என்று பயந்து, தினமும் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார். "எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. ஆனா திக்கறது காதுக்குத் தெரியுமில்லீங்க? தெரிஞ்ச பேச்சுன்னா சரளமா வரும், தெரியலைன்னா தடுக்கும். வாயில சொன்னா இவளுக்குக் கோவம் வருது. அதான் பட்டனைப் போடறேன். மொதல்லெல்லாம் ஒரு பக்கத்துக்கு முப்பது நாப்பது உழுகும். இப்ப அஞ்சுக்கு மேல போறதில்லீங்க."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த மாதம்தான் வகுப்பிலுள்ள ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே அழைத்து, ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, எத்தனை சொற்களில் தடுமாறுகிறார்கள் என்று குறித்துப் படிவம் நிரப்பி முடித்திருந்தேன். வாசிப்புச் சரளத்தை அளப்பதற்கு உலகெங்கும் ஆசிரியர்கள் கையாளும் முறை அதுதான்: வாசிக்க வைத்து, காதால் கேட்டு, பிழையை எண்ணி, முந்தைய எண்ணிக்கையோடு ஒப்பிடுவது. நான் பருவத்துக்கு ஒருமுறை செய்ததை, எழுத்தறியாத இந்தப் பெண் ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வோர் இரவும் செய்துவந்திருக்கிறார். பிழையைக் குத்திக்காட்டினால் குழந்தை சுருங்கிப்போகும் என்பதும், ஓர் ஓசை போதும், திருத்தத்தை அவளே செய்துகொள்வாள் என்பதும் அவர் தாமாகக் கண்டறிந்தவை. பிறவித் திறமை என்று நான் நினைத்தது அந்தத் தூக்குப்போசி மூடிக்குள் விழுந்து விழுந்து உண்டானது. இந்த வீட்டைப் பற்றித்தான் பதிவேட்டில் அந்த மூன்று சொற்களை எழுதியிருந்தேன்.

எழுந்து வரும்போது, கூட்டத்துக்கு ஒருமுறையாவது வந்திருக்கலாமே என்று கேட்டேன். அப்போதும் என் பக்கத்து நியாயத்தை முழுதாக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "வெள்ளிக்கெழமை மூணு மணிக்கு வந்தா அர ஷிப்ட் போயிருமுங்களே" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்திருக்கும் என்ற எண்ணத்தில், ஒரு தகவலாகச் சொன்னார்.

மூன்று மணிக் கூட்டம்

பள்ளி மேலாண்மைக் குழு என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தந்த ஏற்பாடு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, மேம்பாட்டுத் திட்டம் வகுப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் அந்தக் குழுவின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்கள் இருபது உறுப்பினர்களுடன் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. தலைவரும் ஒரு தாயாகவே இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாட்டை யோசிக்க முடியாது. அதுவரை பெயரளவில் இருந்த குழுவுக்கு உண்மையான தேர்தல் நடந்தபோது நானும் மகிழ்ந்தேன்.

கூட்டம் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. அது யாருக்கு வசதியான நேரம் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. எங்களுக்கு வசதியான நேரம் அது: பாடவேளையும் பெரிதாகக் கெடாது, நாலரைக்குக் கிளம்பியும்விடலாம். நெல் நடும் ஊரில் கூட மூன்று மணிக்கு ஓரளவு ஆள் சேரலாம். பனியன் கம்பெனி ஊரில் மூன்று மணி என்பது ஷிப்டின் நடுப்பகுதி. சனிக்கிழமை சம்பளம் போடும் ஊரில் வெள்ளிக்கிழமை யாரும் விடுப்புக் கேட்கத் துணிய மாட்டார்கள். ஆகவே கூட்டத்துக்கு வந்தவர்கள் வீட்டில் இருக்க முடிந்தவர்கள், கடை வைத்திருப்பவர்கள், பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகள். வந்தவர்களையும் நாங்கள் எப்படி உட்கார வைத்தோம்? தலைமையாசிரியருக்கும் எங்களுக்கும் நாற்காலி. குழுத் தலைவியான தாய் உட்பட அனைவருக்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் தாழ்ந்த பெஞ்சு. முழங்கால் மார்பைத் தொட உட்கார்ந்திருக்கும் ஒருவரால் நிதிக் கணக்கைக் கேள்வி கேட்க முடியுமா? தீர்மானங்களை நாங்களே முன்கூட்டி எழுதி வைத்திருப்போம். கையெழுத்துப் போடுகிற வரிசை நகரும்போது, ரேகை வைப்பவர்களுக்காக மேசை ஓரத்தில் மைப்பெட்டி இருக்கும். அந்த மைப்பெட்டியை எத்தனை பேர் பார்வையில் படும்படி வைத்திருந்தோம் என்பதும் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சட்டத்தைக் குறை சொல்வது எளிது. அதைவிட அதன் ஒரு சொல்லைக் கவனிப்பது நல்லது. அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. பெற்றோருடன் முறையாகக் கூட்டங்கள் நடத்தி, குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தெரிவிக்க வேண்டும். பள்ளியிலிருந்து வீட்டுக்கு. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரவேண்டிய தகவலும் உண்டு, ஆசிரியர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை. குழுவில் பெற்றோருக்குப் பெரும்பான்மை கொடுத்த அதே சட்டம், தங்கள் குழந்தை எப்படிக் கற்கிறது என்ற விஷயத்தில் அவர்களைக் கேட்டுக்கொள்பவர்களாகவே நிறுத்திவிட்டது. நாங்களோ சட்டம் சொன்ன அளவுக்குக் கூடச் செய்யவில்லை. எங்கள் தெரிவித்தல் பெரும்பாலும் புகாராகவே இருந்தது.

இது புதிதாக வந்த குறையும் அன்று. காமராசர் ஆட்சிக் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊர் மக்கள் முன் வைத்ததும், அவர்கள் கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் சீருடையும் கொடுத்தார்கள். அந்த இயக்கம் எழுப்பிய கட்டடங்களில் படித்தவர்கள் இன்றைக்கும் தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். அந்தப் பெருமையை நான் குறைக்க மாட்டேன். ஆனால் அதன் நிழல் நீண்டது. ஊர்க்காரர் என்றால் கொடுப்பவர் என்ற எண்ணம் பள்ளிகளில் ஆழமாகப் பதிந்துவிட்டது. எங்கள் பள்ளி பீரோவில் "உபயம்" என்று எழுதிய எழுத்து பீரோவின் பாதியை அடைத்திருக்கும். ஒரு மின்விசிறியோ தண்ணீர்த் தொட்டியோ தரக்கூடிய பெற்றோர் வந்தால் நாற்காலி போட்டோம். பட்டன் கொண்டுவரக்கூடியவருக்குப் பெஞ்சு கூடப் போட்டதில்லை.

வாசலில் சொல்ல வேண்டிய முதல் சொல்

அந்த இரவுக்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு வீடுகள் என்று போகத் தொடங்கினேன். நல்ல கதையாக இதைத் தொடர முடிந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். இரண்டாவதாகப் போன வீட்டில், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா எழுந்து பையனின் முதுகில் ஓர் அறை வைத்தார். "என்னடா பண்ணித் தொலைச்ச?" டீச்சர் வீட்டுக்கு வந்தால் புகார் சொல்லத்தான் வருவார் என்பது அவருடைய அனுபவம். அதில் அவர் மீது எந்தப் பிழையும் இல்லை. எங்கள் பள்ளியிலிருந்து அவருக்கு அதுவரை வந்த எல்லாப் போன் அழைப்புகளும் ஒன்று புகார், இல்லையென்றால் பணம் அல்லது சான்றிதழ். அன்று நான் கொண்டுபோன எந்தக் கேள்வியையும் கேட்க முடியவில்லை. பையனைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பினேன். அதன்பிறகு ஒரு பழக்கம் வந்தது: வாசலில் நின்றபடியே, உள்ளே வருவதற்கு முன்னால், அந்தக் குழந்தை செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லிவிடுவது. சொல்வதற்கு ஒன்று வேண்டும் என்பதற்காகவே வகுப்பில் ஒவ்வொரு குழந்தையையும் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டியிருந்தது. என் பணிக்காலத்தில் எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு அவ்வளவு கற்றுத் தந்ததில்லை.

இப்படி வீட்டுக்குப் போகும் ஆசிரியர்களைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரில் 1990-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு முயற்சி என்னைப் பிடித்துக்கொண்டது. லூயிஸ் மோல் என்ற கல்வியாளரும் அவருடைய குழுவினரும் அங்குள்ள பள்ளி ஆசிரியர்களை மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பெற்றோருக்கு அறிவுரை சொல்வதற்காக அன்று, அந்த வீட்டில் என்னென்ன அறிவு புழங்குகிறது என்று கற்றுக்கொள்வதற்காக. வேளாண்மை, கால்நடை, கட்டுமானம், பழுதுபார்த்தல், மூலிகை மருத்துவம், எல்லை தாண்டிய சிறு வணிகம் என்று ஆசிரியர்கள் எழுதிக்கொண்டு வந்த பட்டியல் நீளமானது. ஒரு மாணவர் மெக்சிகோவிலிருந்து மிட்டாய் கொண்டுவந்து தெருவில் விற்பதை அறிந்த ஓர் ஆசிரியர், மிட்டாயை வைத்தே பாடங்களை அமைத்தார். ஒரு தாய் வகுப்புக்கே வந்து மிட்டாய் செய்வது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். அந்தக் குடும்பங்களிடம் குறை என்ன இருக்கிறது என்று தேடிப் போயிருந்தால் அவர்களுக்கும் எழுதுவதற்குக் கட்டம் கிடைத்திருக்கும்.

எங்கள் வீதிகளில் என்ன அறிவு இருக்கிறது என்று கேட்டால், கணக்குப் பாடம் முழுவதுமே இருக்கிறது. பீஸ் ரேட், டஜன், நூற்று நாற்பத்து நான்கு பட்டன் கொண்ட குரோஸ், டேமேஜ் எத்தனை சதவீதம், துணி வெட்டுவதற்கான அளவு அட்டையை எப்படித் திருப்பி வைத்தால் ஒரு மீட்டர் துணியில் வேஸ்ட் குறையும் என்பதெல்லாம் குழந்தைகள் தூங்கும்போது கூட அவர்கள் தலைக்கு மேல் பேசப்படுகிறவை. கட்டிங் வேலை பார்க்கும் ஒரு தந்தையை, ஆர்டர் குறைந்திருந்த ஒரு வாரத்தில், பரப்பளவுப் பாடத்துக்கு வகுப்புக்கு அழைத்தேன். அவர் புதுச் சட்டை போட்டு வந்தார். கரும்பலகையைப் பார்த்தே பேசினார். குழந்தைகள் சிரித்தார்கள், அவருடைய மகன் கூனிக் குறுகினான். எனக்கும் எதற்கு அழைத்தோம் என்று ஆகிவிட்டது. பிறகு அவர் பேச்சை விட்டுவிட்டுத் தரையில் காகிதத்தை விரித்து, அட்டைகளை வைத்து வரைய ஆரம்பித்தார். ஒரே காகிதத்தில் யார் அதிகச் சட்டை வரைகிறார்கள் என்று போட்டி தொடங்கியது. அந்தப் பாடத்தை நான் மறுபடி நடத்த வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர் மீண்டும் வரவில்லை, ஆர்டர் வந்துவிட்டது.

கூட்டத்தின் நேரத்தை மாற்ற எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைப்பும் சந்தையும். சனிக்கிழமை இரவு என்றால் சம்பளம் வாங்கிய கணவர்கள் எந்த நிலையில் வீடு வருவார்கள் என்பது பெண்களுக்குக் கவலை. கடைசியில் முறையான கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே நடந்தது, பதிவேடும் அதற்கே எழுதப்பட்டது. அதற்கு முந்தைய நாட்களில், இரவு ஒன்பது மணிக்குமேல், தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கும் இடத்தில் அந்தச் சத்துணவு அக்காவும் குழுத் தலைவியும் பேசி, என்ன கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வந்தார்கள். முதன்முறையாக ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் எழுதி வைக்காத ஒன்று தீர்மானமாக வந்தது: பெண் குழந்தைகள் கழிப்பறையின் தாழ்ப்பாள். மூன்று ஆண்டுகளாக அது உடைந்திருந்ததை எங்களில் யாரும் கவனித்திருக்கவில்லை. வீட்டில் எல்லாக் குழந்தைகளும் சொல்லியிருக்கிறார்கள்.

இதே காலத்தில் நகரின் மறுபக்கத்தில், என் உறவினர் வீட்டுக் குழந்தை படிக்கும் தனியார் பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் இரவு பன்னிரண்டு மணிக்கு எரிமலை மாதிரிக்கான தெர்மாகோல் எங்கே கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அம்மாவும் அப்பாவும் ஒட்டிய எரிமலைக்குக் குழந்தை பரிசு வாங்கியது. அங்கே பெற்றோர் ஒத்துழைப்பு மிக நன்று என்று எழுதப்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை. படித்த பெற்றோரைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களும் பயத்தில்தான் அதைச் செய்கிறார்கள். ஆனால் அந்த எரிமலையில் குழந்தை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. பட்டன் போட்ட தாயோ, குழந்தையின் வேலையில் ஒரு சொல்லைக் கூடத் தாம் செய்யவில்லை. செய்யத் தெரியாததும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் தெரியாத இடத்திலிருந்தே, குழந்தை தன் பிழையைத் தானே கேட்கும்படி ஒரு வழி கண்டார்.

அதை வகுப்பில் நானும் செய்து பார்த்தேன். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு, எவர்சில்வர் தட்டில் பட்டன் போடும் முறை. முதல் நாள் முப்பது குழந்தைகளும் பதினைந்து தட்டுகளும் எழுப்பிய ஓசையில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்தார். தட்டுகளுக்குப் பதில் தேங்காய்த் தொட்டிகளை வைத்தோம், ஓசை மெலிதானது. வீட்டில் கேட்பதற்கு ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, காது இருந்தால் போதும் என்றும் சேர்த்துச் சொன்னேன். சில வீடுகளில் பாட்டிகள் கேட்டார்கள். பீகாரிலிருந்து வந்த ஒரு குழந்தையின் வீட்டில், தமிழே புரியாத அப்பா கேட்டு, மகள் திக்கிய இடங்களைப் பெரும்பாலும் சரியாகவே பிடித்தார். பாதி வீடுகளில் இரண்டு வாரத்தில் நின்றுபோனது. பட்டன்களைத் தம்பி விழுங்கிவிடுவான் என்று ஒரு தாய் கவலைப்பட்டார், அது நியாயமான கவலை. அவருக்குப் புளியங்கொட்டையும் சரிப்படாது என்று, தட்டில் விரலால் தட்டினால் போதும் என்றோம்.

அந்தச் சிறுமியின் அம்மாவை நான் அழைத்த பெரிய கூட்டம் எதற்கும் அவர் வரவில்லை. வகுப்புக்கு வந்து அந்த முறையை மற்றத் தாய்மார்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அதுல என்னங்க சொல்றதுக்கு இருக்குது" என்று சிரித்துவிட்டு மறுத்துவிட்டார். கையெழுத்துக் கற்றுத்தரட்டுமா என்றும் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார், சொல்லவில்லை. பதிவேட்டில் அவருக்கு எதிரே நான் எழுதியது எழுதியபடிதான் இருந்தது. அடித்துத் திருத்தினால் ஆய்வின்போது காரணம் சொல்ல வேண்டும்.

இரண்டாம் பருவ ராங்க் கார்டு தை பிறந்து ஒரு வாரத்தில் கொடுத்தேன். மறுநாள் காலை வழிபாட்டுக்கு முன்பே அவள் என் மேசைக்கு வந்து அட்டையை நீட்டினாள். அதே நீலப் பேனா, அதே சுழித்த "ம"கரம். எழுத்து முன்பைவிடச் சற்றுத் திருத்தமாக இருந்தது. வாங்கி அடுக்கில் வைத்துக்கொண்டேன்.